கோடை விடுமுறையில் மூளையைப் படிக்க: வேலூர்ப் பக்கத்துப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பத்தாவதோ பதினொன்றோ படிக்கும் பிள்ளை "மூளையைப் பத்திப் படிக்கணும், லீவுல ஏதாவது பண்ணலாமா?" என்று கேட்டால், வேலூர் வீடுகளில் வரும் முதல் பதில் ஒன்றுதான்: "சி.எம்.சி.ல யாரையாச்சும் கேட்டுப் பாரு." இடம் தப்பில்லை. டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியது அந்தக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். கேட்கிற விதம்தான் பிசகிவிடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போய் "மூளை ஆபரேஷன் பார்க்கலாமா?" என்று கேட்டால் முடியாது என்பார்கள். படுத்திருப்பவர் ஒரு நோயாளி. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. "அப்சர்வர்ஷிப்" (கூட இருந்து பார்த்துக் கற்கும் அனுமதி) என்று மருத்துவமனைகள் வைத்திருப்பவை பெரும்பாலும் மருத்துவம் படிப்பவர்களுக்கும் படித்து முடித்தவர்களுக்கும் உரியவை.

இன்னொரு பக்கம், "பள்ளி மாணவர்களுக்கான கோடை நரம்பறிவியல் பயிற்சி" என்று கூகுளில் தட்டினால் வந்து விழுபவை இரண்டு வகை. ஒன்று அமெரிக்காவில் நடப்பது. அவற்றில் பல அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். மற்றது காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் அனுப்புவது. ஆகவே பெயர்ப்பலகை மாட்டிய திட்டத்தைத் தேடி அலைவதை விட்டுவிடுங்கள். வீட்டிலேயே சிறிதாக ஒன்றை அளந்து, அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் ஆய்வகத்தில் ஒரு குறிப்பான கேள்வி கேட்பது எளிது. கதவு திறக்க வாய்ப்பும் இதில்தான் அதிகம். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

எந்த மூளை?

நரம்பியல் என்றால் ஊரில் பக்கவாதம், வலிப்பு பார்க்கும் டாக்டர். நரம்பறிவியல், அதாவது நியூரோசயின்ஸ், அதைவிட அகலமானது. நரம்பு செல் எப்படி மின்சாரம் கடத்துகிறது என்பது உடலியங்கியல். நினைவும் கவனமும் உளவியல். மூளை அலையைக் கணினியில் பிரித்துப் பார்ப்பது மின்னணுவியலும் புரோகிராமிங்கும். பக்கவாதம் வந்த கைக்கு மறுபடி பிடிமானம் கொண்டுவருவது இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. "நரம்பியல் துறை" என்று மட்டும் தேடினால் வேலூரில் இரண்டு மூன்று கதவுதான் தெரியும். மேலே சொன்னபடி பிரித்துத் தேடினால் பத்துப் பதினைந்து தெரியும். உங்களுக்குக் கணக்கு பிடிக்குமா, உயிரியல் பிடிக்குமா, மனிதர்களோடு பழகப் பிடிக்குமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் இருக்கும் நரம்பு ஒருங்கிணைப்புப் பாடத்தை முழுதாகப் படித்து, ஓய்வுநிலையில் செல்லுக்குள் ஏன் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட் இருக்கிறது என்பதைப் புத்தகம் பார்க்காமல் சொல்ல வருகிறதா பாருங்கள். பத்தாவது முடித்தவரும் இதைப் படிக்கலாம். வேதியியலில் அயனி தெரிந்தால் போதும்.

காலண்டர்

மாநிலப் பாடத்திட்டத்தில் கோடை விடுமுறை என்பது சொல்லும்போது பெரிது, கையில் கிடைப்பது சிறிது. பத்தாவது எழுதி முடித்தவர்களுக்கு ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை ஆறேழு வாரம் கிடைக்கும். இதுதான் நல்ல காலம். பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குப் போகிறவர்களுக்கோ பல தனியார் பள்ளிகளில் ஏப்ரலிலேயே அடுத்த வருடப் பாடம் தொடங்கிவிடும். மே மாதத்தில் எத்தனை நாள் உண்மையில் விடுமுறை என்று வகுப்பாசிரியரிடம் ஜனவரியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேராசிரியரிடம் நான்கு வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டாம் வாரம் ஸ்பெஷல் கிளாஸ் என்று நின்றுவிட்டால், அடுத்த வருடம் கேட்கப்போகும் பிள்ளைக்கும் சேர்த்து அந்தக் கதவு மூடிக்கொள்ளும். பன்னிரண்டு எழுதியவர்களுக்கு மே முதல் வாரத்தில் நீட் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் எதுவும்.

கல்லூரிகளின் கணக்கு வேறு. ஏப்ரல், மே மாதங்களில் செமஸ்டர் தேர்வு, விடைத்தாள் திருத்தம், அதன்பின் ஆசிரியர்களின் விடுப்பு. மே மாதம் போய்க் கதவைத் தட்டினால் ஆள் இருக்க மாட்டார். பி.எச்டி. செய்யும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு அந்த விடுமுறை கிடையாது. அக்கினி நட்சத்திர வெயிலிலும் ஆய்வகத்தில்தான் இருப்பார்கள். இந்த விவரத்தை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

வேலையை இப்படிப் பிரிக்கலாம். அரையாண்டு விடுமுறையில் வீட்டுச் சோதனை. பொங்கல் முடிந்ததும் யாரைக் கேட்பது என்ற பெயர்ப் பட்டியல். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை கடிதங்கள். மார்ச் முழுக்கத் தேர்வு; வேறெதுவும் வேண்டாம். ஏப்ரலில் சம்மதித்தவருக்கு ஒரு நினைவூட்டல், அனுமதிக் காகிதங்கள்.

முதலில் ஒரு ஸ்கேல்

தேவை: 30 செ.மீ. ஸ்கேல் ஒன்று, நோட்டு ஒன்று, பொறுமையான பத்துப் பேர்.

சோதிக்கப்படுபவர் மேசை ஓரத்தில் முன்கையை வைத்து, மணிக்கட்டுக்கு அப்பால் கை வெளியே நீட்டியிருக்க உட்காரட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே 2 செ.மீ. இடைவெளி. நீங்கள் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து, சுழிக் குறி அவர் விரல்களுக்கு நேராக இருக்கும்படி நிறுத்தி, சொல்லாமல் விடுங்கள். பிடித்த இடத்தில் கட்டைவிரலின் மேல் விளிம்பு எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதை எழுதுங்கள். ஒருவருக்கு 15 முறை. முதல் மூன்று பழகுவதற்கு. கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தூரத்தை மீட்டரில் எழுதி, இரண்டால் பெருக்கி, 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் எதிர்வினை நேரம் வினாடியில் வரும். 10 செ.மீ. என்றால் சுமார் 0.14 வினாடி, 15 என்றால் 0.17, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23. பெரும்பாலானவர்கள் 15-க்கும் 22-க்கும் நடுவில் விழுவார்கள். யாருக்காவது 4 செ.மீ. வந்தால் அவர் சூப்பர்மேன் இல்லை, முன்கூட்டியே ஊகித்து விரலை மூடியிருக்கிறார், 5 செ.மீ.-க்குக் கீழே வந்தவற்றைத் தனியாகக் குறித்து ஒதுக்கிவிடுங்கள். அழித்துவிடாதீர்கள். எத்தனை ஒதுக்கினீர்கள் என்பதும் ஒரு தகவல்தான்.

எங்கே கெடும்? ஒரே தாளத்தில் விட்டால் ஆள் தாளத்தைப் பிடித்துக்கொள்வார். ஆகவே இரண்டு வினாடியிலிருந்து ஆறு வினாடி வரை மாற்றி மாற்றி விடுங்கள். முன்பே சீட்டுக் குலுக்கி வரிசை எழுதிக்கொள்வது நல்லது. விடும் முன் உங்கள் தோள் லேசாக அசையும். அதைப் பார்த்தே பிடிப்பவர்கள் உண்டு. தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினால் பிளாஸ்டிக் ஸ்கேல் சாய்ந்து விழும். வேலூர் மே மாதத்தில் விசிறியை நிறுத்தச் சொல்வது கொடுமைதான். இரும்பு ஸ்கேலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இது வரைக்கும் எட்டாம் வகுப்பு விளையாட்டு. இதற்கு மேல் ஒரு கேள்வி வேண்டும். ஓர் உதாரணம்: கண்ணால் பார்த்துப் பிடிப்பது வேகமா, காதால் கேட்டுப் பிடிப்பது வேகமா? ஒலிக்கான எதிர்வினை ஒளிக்கானதைவிடச் சற்று வேகம் என்பது நன்கு நிறுவப்பட்ட முடிவு. கண்ணை மூடச் சொல்லி, விடும்போது "டக்" என்று நாக்கைத் தட்டி அளந்து பாருங்கள். சிலரிடம் சரியாக வரும், சிலரிடம் தலைகீழாக வரும். ஏன்? உங்கள் நாக்கும் உங்கள் விரலும் ஒரே கணத்தில் இயங்குவதில்லை. அளப்பவரின் மூளையும் சோதனைக்குள் புகுந்துவிட்டது. நீங்கள் பார்க்க நினைத்த வித்தியாசமோ நூறில் சில பங்கு வினாடிதான். அதைவிட உங்கள் பிழை பெரிது. இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டீர்கள் என்றால் வேலை நன்றாக நடக்கிறது என்று பொருள். இந்த முட்டலைத்தான் பின்னால் கடிதத்தில் எழுதப் போகிறீர்கள்.

இன்னொரு சோதனை, ஹேர்பின்னால். அதை வளைத்து இரு முனைகளையும் 2 மி.மீ. முதல் 40 மி.மீ. வரை மாற்றி, கண் மூடியவரின் தோலில் மெதுவாகத் தொட்டு "ஒன்றா, இரண்டா?" என்று கேட்பது. விரல் நுனியில் சில மில்லிமீட்டரிலேயே இரண்டு என்று தெரியும். முன்கையில் முப்பது, நாற்பது மி.மீ. வரை ஒன்றாகவே தோன்றும். இரு முனையும் ஒரே நேரத்தில் பட வேண்டும். ஒன்று முந்தினால் நேர வித்தியாசத்தை வைத்தே ஆள் சொல்லிவிடுவார். நடுநடுவே ஒற்றை முனையாலும் தொடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் "ரெண்டு" என்றே சொல்லிக்கொண்டு போவார்கள்.

இந்தத் தொடு உணர்ச்சிக்கும் நம் மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. தொழுநோய்க் கிருமி கை கால் நரம்புகளைத் தாக்குகிறது. வலி தெரியாமல் போன விரல் சூட்டிலும் வெட்டிலும் அடிபட்டு அடிபட்டுத்தான் சிதைகிறது என்பதை 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் இங்கே நோயாளிகளைக் கவனித்துத்தான் உறுதியாகச் சொன்னார். காட்பாடி தாண்டி இருக்கும் கரிகிரி மருத்துவமனை அந்தப் பணியில் வளர்ந்தது. இன்றைக்குச் சர்க்கரை நோயாளியின் பாதத்தில் நைலான் இழையால் குத்திப் பார்க்கிறார்களே, அதுவும் இதே வகைச் சோதனை. ஹேர்பின் சோதனையை எடுப்பவர் இந்தத் தொடர்பைத் தெரிந்துகொண்டு போனால், இயன்முறை மருத்துவரிடம் பேச விஷயம் இருக்கும்.

கறிக்கடையில் ஒரு மூளை

ஆட்டு மூளையை விரித்துப் பார்க்காமல் நரம்பறிவியல் பக்கம் போக வேண்டாம் என்றே சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேட்காதீர்கள். வாரநாள் காலையில் போய், "பாய், மூளை உடையாம முழுசா வேணும், படிக்கிறதுக்கு" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தலையைக் கத்தியால் நடுவில் பிளந்து கொடுப்பார்கள். இரண்டு பாதியாக வரும், முன்னால் இருக்கும் மோப்பக் குமிழ்கள் கிழிந்திருக்கும்.

புதிய மூளை கெட்டித் தயிர் மாதிரி குழையும். அப்படியே வெட்டினால் கூழாகிவிடும். பார்மலின் வீட்டுக்கு ஆகாது, அதன் ஆவி கெடுதி. மூளையைத் தட்டையான டப்பாவில் வைத்து முக்கால் மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். பாதி உறைந்த நிலையில் சுத்தமாக வெட்டலாம். கையுறை கட்டாயம். பயன்படுத்திய கத்தி, பலகையை சோப்பு போட்டுக் கழுவிய பிறகே சமையலறைக்குத் திருப்ப வேண்டும். வெட்டிப் பார்த்த மூளை வறுவலுக்குப் போகக் கூடாது. அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெட்டும் முன் வெளியே பாருங்கள். மேலே தடித்த உறை, அதன் கீழே ரத்தக் குழாய் ஓடும் மெல்லிய சவ்வு. பின்னால் சிறுமூளை, காலிஃபிளவர் துண்டு போல மடிப்பு மடிப்பாக. கவிழ்த்தால் அடியில் பார்வை நரம்புகள் குறுக்கே சேரும் வெள்ளைக் குறுக்குக் கோடு. பிறகு நடுக்கோட்டில் ஒரே இழுப்பில் வெட்டுங்கள், அறுக்கக் கூடாது. இரு பாதியையும் இணைக்கும் வெள்ளைப் பட்டை தெரியும். ஒரு பாதியைக் குறுக்கே சீவினால் ஓரத்தில் சாம்பல் நிறம், உள்ளே வெள்ளை. வெள்ளைக்குக் காரணம் நரம்பிழைகளைச் சுற்றிய கொழுப்பு உறை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்கேலை ஓரத்தில் வைத்து ஒரு படம் எடுத்து, கையாலும் ஒரு படம் வரையுங்கள். வரையும்போதுதான் கண் பார்க்கும்.

மனித மூளையைப் பார்க்க வேண்டுமென்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தில் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. பதப்படுத்திய மூளையைக் கையில் தொட்டுப் பார்க்க விடுவார்கள். காட்பாடியிலிருந்து ரயிலில் காலையில் கிளம்பி இரவு திரும்பலாம். எல்லா நாளும் எல்லா நேரமும் திறந்திருக்காது. போன் செய்து நாள் கேட்டுக்கொண்டு, முடிந்தால் பள்ளியிலிருந்து குழுவாகப் போவது நல்லது. வீட்டிலிருந்தே பார்க்க, சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட "தாரிணி" இருக்கிறது. கருவில் இருக்கும் குழந்தையின் மூளையை 5,132 வெட்டுகளாக ஸ்கேன் செய்து இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆட்டு மூளைப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

கணினி இருந்தால்

பைத்தான் அடிப்படை தெரிந்தால் போதும், லேப்டாப் கூட வேண்டாம். பைத்தானை இணையத்திலேயே ஓட்டும் கூகுள் கொலாப் போனிலும் ஓடும். நியூரோமேட்ச் அகாடமியின் இணையவழிக் கோடைப் பள்ளி கல்லூரி மாணவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் உரியது, ஆனால் அதன் பாடங்களும் புரோகிராம்களும் முழுக்க இலவசமாகக் கிடக்கின்றன. பழ ஈயின் மூளை வரைபடம் 2024 அக்டோபரில் வெளியானது. 139,255 நரம்பு செல்களையும் அவற்றின் இணைப்புகளையும் யாரும் தேடிப் பார்க்கலாம். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களைக் கேட்கக் காசில்லை, தேர்வு எழுதினால்தான் கட்டணம். ஒன்றை மட்டும் எடுத்து முடியுங்கள். ஐந்தில் சேர்ந்து ஒன்றையும் முடிக்காமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஸ்கேல் சோதனையில் நாக்குப் பிழை வந்ததே, அதற்கு மருந்து சைக்கோபை என்னும் இலவச மென்பொருள். ஆனால் விசைப்பலகைக்கும் திரைக்கும் தனித் தாமதம் உண்டு. ஒரே கணினியில் எல்லோரையும் அளந்தால் ஒப்பீடு கெடாது.

தசையின் மின் அலையை அளக்கும் சிறிய பலகைகள் இப்போது இந்தியாவிலேயே கிடைக்கின்றன. டெல்லியின் அப்சைட் டவுன் லேப்ஸ் செய்யும் பயோஆம்ப் பலகையும் ஆர்டுயினோ என்னும் சிறிய மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றும் மருந்துக் கடையில் கிடைக்கும் இ.சி.ஜி. ஒட்டுப்பட்டைகள் மூன்றும் போதும். இரண்டு பட்டை முன்கைத் தசை மேல், ஒன்று முழங்கை எலும்பு மேல். மாற்றக் கூடாத விதி ஒன்று: உடம்பில் பட்டை ஒட்டியிருக்கும் வரை லேப்டாப்பின் சார்ஜர் கழற்றப்பட்டிருக்க வேண்டும். சுவர் மின்சாரத்தோடு உடம்பை இணைக்கும் எந்த வழியும் திறந்திருக்கக் கூடாது. திரையில் கை அசைக்காமலேயே ஒரே சீராக அலை அடித்தால் அது தசை இல்லை, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். டியூப் லைட், விசிறி, மிக்ஸியிலிருந்து தள்ளிப் போய், தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பட்டையை மாற்றிப் பாருங்கள்.

யாரைக் கேட்பது

காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவே ஓடும் 1, 2 எண் பேருந்துத் தடத்திலேயே பாதிப் பட்டியல் இருக்கிறது. ஒரு முனையில் வி.ஐ.டி.; அங்கே உயிர்த் தொழில்நுட்பம், மின்னணுவியல், கணினித் துறைகளில் மூளை அலை, தசை அலை சம்பந்தமான வேலை செய்பவர்களைத் தேடுங்கள். மறுமுனையில் பாகாயம், சி.எம்.சி.யின் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உடலியங்கியல், உடற்கூறியல் துறைகள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்காக 1966-ல் மேரி வர்கீஸ் தொடங்கிய மறுவாழ்வு நிலையமும் அந்தப் பக்கம்தான். அவரே விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலியிலிருந்து அறுவை சிகிச்சை செய்தவர். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி. இவை போக, சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், நகரத்துக்குள் ஊரீசு, முத்துரங்கம், டி.கே.எம்., காட்பாடியில் ஆக்சிலியம் என்று கல்லூரிகள். கலைக் கல்லூரிகளின் விலங்கியல் ஆசிரியர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுவதில் பெரும்பாலும் தாராளமானவர்கள். இவர்களை விட்டுவிட்டுப் பெரிய பெயர்களையே துரத்துவதுதான் பலர் செய்யும் தப்பு. ராணிப்பேட்டை, ஆம்பூர், திருப்பத்தூர்ப் பிள்ளைகள் தினசரிப் பயணத்தைக் கணக்கில் வைத்து அருகில் இருக்கும் கல்லூரியிலிருந்து தொடங்கட்டும்.

கூகுள் ஸ்காலரில் ஊர்ப்பெயரோடு உங்கள் பொருளையும் ஆங்கிலத்தில் தட்டி, கடந்த ஐந்தாண்டுக் கட்டுரைகளை மட்டும் வடிகட்டுங்கள். கட்டுரையில் முதல் பெயர் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவருடையது, கடைசிப் பெயர் பேராசிரியருடையது. கடிதம் பேராசிரியருக்குப் போக வேண்டும். மே மாதம் உங்களோடு உட்காரப் போகிறவர் ஆராய்ச்சி மாணவர். எட்டிலிருந்து பத்துப் பேர் போதும். ஒவ்வொருவரின் ஒரு கட்டுரையின் சுருக்கத்தையாவது படித்து, புரிந்ததை இரண்டு வரியில் நோட்டில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

கடிதம்

பேராசிரியர்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி பேஷனேட் அபௌட் பிரெயின்" என்று தொடங்கி, நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பப்பட்டவை. அந்த முதல் வரியிலேயே மூடிவிடுவார்கள். உங்கள் கடிதம் 150 சொல்லுக்குள், ஒருவருக்கு ஒன்றாக, கீழே உள்ள மாதிரி இருக்கட்டும். வெளிமாநிலத்து ஆசிரியர் என்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். உங்கள் சொந்த ஆங்கிலம் போதும், ஏ.ஐ. எழுதிக் கொடுத்த ஆங்கிலம் இரண்டு வரியில் தெரிந்துவிடும்.

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். நான் காட்பாடியில் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். ஒலிக்கும் ஒளிக்கும் எதிர்வினை நேரம் எவ்வளவு வேறுபடுகிறது என்று ஸ்கேலை விட்டுப் பிடிக்கும் முறையில் வீட்டாரும் உறவினருமாகப் பத்துப் பேரிடம் அளந்தேன். மூன்று பேரிடம் முடிவு தலைகீழாக வந்தது. ஒலி எழுப்பும் என் தாமதமே காரணம் என்று நினைக்கிறேன். தங்கள் ஆய்வுக் கட்டுரையில் ஒலித் தூண்டலைக் கணினி வழியாகக் கொடுத்ததாகப் படித்தேன். அந்த முறையில் நேரத்தை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். மே 5 முதல் 30 வரை வாரம் மூன்று நாள் காலையில் தங்கள் ஆய்வகத்துக்கு வந்து, தரவு பதிவு செய்வது போன்ற வேலையில் உதவ முடியும். அது இயலாவிட்டால் இருபது நிமிடம் நேரில் சந்திக்க அனுமதித்தாலும் போதும். என் நோட்டின் இரண்டு பக்கங்களை இணைத்துள்ளேன். என் உயிரியல் ஆசிரியருக்கும் தந்தைக்கும் இதன் நகல் செல்கிறது."

அந்த இருபது நிமிட வரிதான் கடிதத்தின் உயிர். நான்கு வாரம் என்றால் மறுக்க ஆயிரம் காரணம் இருக்கும். இருபது நிமிடத்தை மறுக்க மனம் வராது. ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் நகல் போவது அவருக்கு நிம்மதி: பொறுப்பான பெரியவர் பின்னால் இருக்கிறார் என்று தெரிகிறது. பத்து நாள் பதிலில்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதே கடிதத்தின் கீழே இரண்டு வரி. அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்த பெயர். வாட்ஸ்அப்பில் துரத்தாதீர்கள். பத்தில் ஒருவரோ இருவரோ பதில் போட்டாலே நல்ல அறுவடை.

ஆட்களை அளக்கும் முன் கையெழுத்து

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள யாரை அளந்தாலும் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும், அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். நோட்டில் பெயர் எழுதாமல் 1, 2, 3 என்று எண் போடுங்கள். நோய் விவரம், மருந்து விவரம் கேட்கவே வேண்டாம்.

போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம். பள்ளி மாணவர் ஆய்வுகளுக்கான ஐரிஸ் தேசியக் கண்காட்சி வழியாக அமெரிக்காவில் நடக்கும் ஐசெஃப் சர்வதேச அறிவியல் கண்காட்சி வரை போகலாம். அங்கே மனிதர்களை வைத்துச் செய்த ஆய்வுக்கு, சோதனை தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. கோடையில் ஐம்பது பேரை அளந்துவிட்டு ஆகஸ்டில் கையெழுத்துக்கு ஓடினால் அந்த ஐம்பதும் வீண். முதலில் இரண்டு பக்கத் திட்டம், அடுத்து பள்ளி வழியாக ஒப்புதல், அதற்குப் பிறகுதான் முதல் ஆள். வீட்டுச் சோதனையை ஒத்திகையாகவே வைத்துக்கொண்டு, போட்டிக்கான தரவை ஒப்புதலுக்குப் பின் புதிதாக எடுங்கள்.

திட்டங்கள், போட்டிகள், வலைகள்

மத்திய அரசின் இன்ஸ்பயர் அறிவியல் முகாம், பத்தாம் வகுப்புத் தேர்வில் முதல் ஒரு சதவீதத்தில் வந்து பதினொன்றில் அறிவியல் எடுத்தவர்களுக்கு. ஐந்து நாள், பொது அறிவியல். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 வயது வரை. நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்துகிறது, தமிழிலேயே ஆய்வைச் சொல்லலாம். கோடையில் தொடங்கிய வேலையைக் கொண்டுபோக இதைவிட நல்ல மேடை இல்லை. நவம்பரில் எழுதும் உயிரியல் ஒலிம்பியாட் முதல் தேர்வில் தொடங்கிக் கடைசிச் சுற்று வரை போனவர்களுக்குக் கோடையில் மும்பை ஹோமி பாபா மையத்தில் முகாம். பிரெயின் பீ என்பது 1998-ல் தொடங்கிய மூளை அறிவுப் போட்டி, பள்ளி வயதினருக்கு. அதற்கான அடிப்படை நூலான "பிரெயின் ஃபேக்ட்ஸ்" இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். போட்டிக்குப் போகாவிட்டாலும் அந்த நூலைப் படியுங்கள்.

மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கொடுக்கும் கோடை ஆய்வு ஊக்கத்தொகை கல்லூரிக்காரர்களுக்கானது. பள்ளிப் பிள்ளைகள் அதற்கு விண்ணப்பித்து நேரத்தைத் தொலைக்க வேண்டாம். அறிவியல் மாணவர்களுக்கான கே.வி.பி.ஒய். ஊக்கத்தொகைத் தேர்வு நிறுத்தப்பட்டுவிட்டது, அதற்கு இன்னமும் கோச்சிங் விளம்பரம் கண்ணில் பட்டால் விலகி நடங்கள்.

காசு கேட்கும் "இன்டர்ன்ஷிப்"பை எடை போட மூன்று கேள்வி போதும். தினமும் என் வேலையைப் பார்த்துத் திருத்தப் போகிறவர் யார், அவர் பெயரில் வெளிவந்த கட்டுரை எது? நான் தொடப்போகும் தரவு எது? சேர்ந்த முதல் வாரத்தில் பிடிக்காவிட்டால் பணம் திரும்பி வருமா? பதிலாகச் சான்றிதழின் படத்தை அனுப்பினால் அத்தோடு விட்டுவிடுங்கள். "உங்கள் பெயரில் சர்வதேச இதழில் கட்டுரை" என்று உறுதி தருகிறவர்கள் பக்கமே போகாதீர்கள். ஆய்வு நடக்கும் முன்பே கட்டுரைக்கு உத்தரவாதம் கொடுப்பவர் விற்பது ஆய்வை இல்லை.

உள்ளே போன பிறகு

தலைமையாசிரியரிடம் வாங்கிய போனஃபைட் (இந்தப் பள்ளி மாணவர் என்னும்) சான்று, பெற்றோர் சம்மதக் கடிதம், ஆதார் நகல், பள்ளி அடையாள அட்டை, இரண்டு போட்டோ ஒரு கோப்பில் இருக்கட்டும். ரத்தம், திசு கையாளும் ஆய்வகம் என்றால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி விவரம் கேட்பார்கள். செருப்புப் போட்டுப் போகாதீர்கள், மூடிய ஷூ. நோயாளி இருக்கும் இடத்தில் போன் பைக்குள். தூரத்திலிருந்து எடுத்த செல்ஃபிகூட பிரச்சினையாகும்.

முதல் வாரம் சலிப்பாகத்தான் இருக்கும். எக்செலில் எண் ஏற்றுவது, பட்டை ஒட்டுவது, லேபிள் எழுதுவது. நூறு இ.இ.ஜி. (மூளை மின் அலை) பதிவுகளில் கண் இமைத்த இடத்தையெல்லாம் குறிக்கச் சொல்லலாம். கண் இமைப்பு நெற்றிப் பட்டைகளில் பெரிய மேடாக வரும், பல்லைக் கடித்தால் முள் முள்ளாகக் காதுப் பக்கம் வரும். இந்த இரண்டையும் கண்ணால் பிரிக்கத் தெரிந்துவிட்டால், இரண்டாம் வாரத்தில் ஆராய்ச்சி மாணவர் தானாகவே அடுத்த வேலையைக் கொடுப்பார். புரியாததை அப்போதைக்கப்போது கேட்டு அவர் வேலையை நிறுத்தாமல், நோட்டில் சேர்த்து வைத்து மதியச் சாப்பாட்டின்போது கேளுங்கள். ஒரு கருவியைக் கெடுத்துவிட்டால் அந்த நிமிடமே சொல்லுங்கள். மறைத்தால் அன்றைய தரவு முழுக்கச் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கடைசி வாரத்தில் இரண்டு பக்கம் எழுதி அவர்களிடமே கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்: என்ன கேள்வி, என்ன செய்தீர்கள், எது வரவில்லை. சான்றுக் கடிதம் கேட்கும்போது தேதிகள், மொத்த மணி நேரம், செய்த வேலை மூன்றும் அதில் இருக்கும்படி நீங்களே ஒரு வரைவு எழுதிக்கொண்டு போனால் அவருக்கு ஐந்து நிமிட வேலை. ஆய்வகத் தரவை அனுமதி இல்லாமல் பென் டிரைவில் எடுத்து வராதீர்கள். உங்கள் சொந்த நோட்டை மட்டும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, நுழைவு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அறிவியல் ஆசிரியரிடம் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பதிவு எப்போது என்று கேட்டுவிடுங்கள்.